கண்ணாடியா, கல்லா?

அந்த நீச்சல் குளத்துக்கு வருகிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜன்னல் முன் நின்றாக வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் டிக்கெட் கொடுப்பார். பிறகு ஒரு நீலத் தட்டை நீட்டுவார். கைக்கடிகாரம், சாவி, போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். தட்டில் ஓர் எண் இருக்கும். அதே எண் போட்ட ரப்பர் வளையத்தை அவர் தருவார். அதைக் கையில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக நீந்தலாம்.

டிக்கெட் கொடுப்பவருக்கு ஒரு மகள். வயது பத்து. விடுமுறை நாட்களில் அப்பாவோடு குளத்துக்கு வந்துவிடுவாள். வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு, பள்ளியில் ஒரு பெயர் உண்டு. ஆனால் குளத்தில் எல்லோரும் அவளை அரை டிக்கெட் என்றுதான் கூப்பிட்டார்கள். டிக்கெட் கொடுப்பவரின் மகள். உயரமும் கொஞ்சம் குறைவு. வேறென்ன காரணம் வேண்டும்?

அவளிடம் ஒரு விசேஷம் இருந்தது. எதையாவது பார்க்க ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். நீந்தி முடித்துத் தலை துவட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் முடியிலிருந்து சொட்டும் தண்ணீரையே அரை மணி நேரம் பார்ப்பாள். சிமெண்டுத் தரையில் விழுந்த சொட்டு காணாமல் போய்விடும். ரப்பர் மிதவையில் விழுந்தது முத்து மாதிரி நிற்கும். இரும்புப் பெஞ்சில் விழுந்தது சோம்பேறி மாதிரி பரந்து படுத்துக்கொள்ளும்.

"சொட்டுல என்னடி இருக்கு?" என்று அப்பா கேட்பார்.

"ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி உக்காருதுப்பா."

"நீ ஒரு எடத்துலயாவது தலையத் துவட்டிக்கிட்டு உக்காரு" என்று துண்டை வீசுவார்.

குளத்தைச் சுற்றி நான்கு பலகைகள் இருந்தன. 'ஓடக் கூடாது' என்று அவற்றில் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டியது அரை டிக்கெட்தான். அப்படியிருந்தும் அன்று காலை பத்தரை மணிக்கு அவள் ஓடினாள்.

தலைகீழாகக் குதிக்க அன்றுதான் அவளுக்கு முதல் முறையாக வந்திருந்தது. வயிற்றில் தண்ணீர் அறையாமல், கத்தி மாதிரி உள்ளே போய்விட்டாள். அதை அப்பாவிடம் உடனே சொல்ல வேண்டும். ஈரக் காலோடு டிக்கெட் அறைக்குள் பாய்ந்தாள். வாசலில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க மேசையைப் பிடித்தாள். முழங்கை தட்டுகளில் இடித்தது.

பதினான்காம் எண் தட்டும் பதினைந்தாம் எண் தட்டும் தரையில் கவிழ்ந்தன. சற்று முன்னால் வாங்கி, இன்னும் அலமாரியில் வைக்காத தட்டுகள். சாவிகளும் போன்களும் சிதறின. இரண்டு கைக்கடிகாரங்கள் சறுக்கிக்கொண்டே போய் நாற்காலிக்கு அடியில் ஒன்றாக நின்றன.

அப்பா குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். விசில் கோத்த சாவிக்கொத்து பதினைந்து. மஞ்சள் உறை போட்ட போன் பதினான்கு. அதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் கடிகாரங்களைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், எஃகு உடம்பு, கறுப்பு ரப்பர் பட்டை. பின்பக்கத்தில் இருந்த எழுத்துகள் இரண்டிலுமே வருஷக்கணக்கான வியர்வையில் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. நேரமாவது கொஞ்சம் முன்னே பின்னே காட்டுமா என்று பார்த்தார். இரண்டிலும் நொடிமுள்கூட ஒன்றாகவே நகர்ந்தது.

"அப்பா, நான் வேணும்னு..."

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப மொதல்ல தரையத் தொடச்சுடு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றே காலுக்கு அந்தத் தட்டுகளுக்குச் சொந்தக்காரர்கள் இருவரும் குளித்து உடை மாற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்கள்.

பதினான்காம் எண் ஒரு பேருந்து ஓட்டுநர். நல்ல உயரம், அகலமான தோள்கள், சிரித்த முகம் கொண்ட பெண். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு முன்னால் வந்து நீந்துவார். பதினைந்தாம் எண் கால்பந்து நடுவர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, மூக்கு முழுக்க, குளித்ததும் வெயிலுக்காகப் பூசிய வெள்ளை சன்ஸ்கிரீன். அவர் நடப்பதே மைதானத்தில் கோடு போடுவது மாதிரி நேராக இருக்கும்.

அப்பா எதையும் மறைக்கவில்லை. அவர்களை அறைக்குள் கூப்பிட்டு, இரண்டு கடிகாரங்களையும் மேசையில் ஒரு துணியின் மேல் வைத்தார். "தட்டு கவுந்துடுச்சுங்க. என் கை தவறுதல்தான். மத்ததெல்லாம் பிரிச்சு வெச்சுட்டேன். இது ரெண்டுல எது யாரோடதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

துடைப்பத்தோடு மூலையில் நின்ற அரை டிக்கெட்டுக்குக் காது சூடானது. 'என் கை' என்கிறாரே.

"இதுல என்ன கஷ்டம்?" என்று நடுவர் சிரித்தார். இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து உயர்த்தினார். "இதுதான். நேரம் மாத்துற திருகு பக்கத்துல சின்னதா ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. கோல் கம்பத்துல இடிச்சது."

ஓட்டுநரின் சிரிப்பு மறைந்தது. "சார், அது என்னோடதுங்க. அந்தப் பள்ளம் பஸ் கதவுல பட்டு வந்தது."

"நல்லா பாருங்கம்மா."

"பாத்துட்டுதான் சொல்றேன் சார்."

இருவரும் பொய் சொல்கிறவர்கள் மாதிரித் தெரியவில்லை. அதுதான் சிக்கல். ஒரே பள்ளத்தை இருவரும் தெரியும் என்றார்கள். மேசையில் கிடந்த இன்னொரு கடிகாரத்தை யாரும் சீண்டவில்லை.

"எல்லாம் கடிகாரம்தானேன்னு விட்டுட முடியாதுங்க" என்றார் ஓட்டுநர். "இது எங்கம்மாவோடது. அவங்க நர்ஸ். எத்தனையோ பேருக்கு இதப் பாத்துத்தான் நாடி எண்ணியிருக்காங்க. எனக்கு லைசென்ஸ் கெடச்ச அன்னிக்கு கழட்டி என் கையில கட்டிவிட்டாங்க."

நடுவர் கையிலிருந்த கடிகாரத்தை மெதுவாகத் துணியின் மேல் வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "நான் மொத மேட்ச் நடத்தினப்ப கட்டினதும்மா எங்கிட்ட இருக்கிறது. அறுநூத்துச் சொச்சம் மேட்ச் ஆச்சு. நாளைக்கு ஃபைனல். வேற வாட்ச கட்டிக்கிட்டு நான் விசில் ஊதினதே இல்ல."

பிறகு அப்பாவைப் பார்த்தார். குரல் மாறியது. "ரெண்டு தட்டப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலன்னா, எதுக்கு சார் அந்த நாற்காலியில உக்காரணும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அரை டிக்கெட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இரண்டடி முன்னால் வந்தாள்.

"அப்பா தட்டல சார். நான்தான் ஓடி வந்து இடிச்சேன்."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான்தானே இடிச்சேன்."

நடுவர் மேசையில் கையை ஊன்றி, அவளைக் குனிந்து பார்த்தார். வெள்ளை மூக்கும் நரைத்த மீசையும் மிக அருகில் வந்தன. விளையாட்டில் தப்பு செய்துவிட்டு, கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கும் ஆட்டக்காரரை அவர் எப்போதோதான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அவருடைய முகம் இளகியது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்று அவர் அப்பாவிடம் சொன்னார். "வார்த்தைய விட்டுட்டேன்."

"பரவால்லைங்க. இப்ப இதுக்கு ஒரு வழி பாப்போம்."

ஓட்டுநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு நான் வண்டிய எடுத்தாகணும். இங்கேருந்து டிப்போவுக்குப் பத்து நிமிஷம்."

அரை டிக்கெட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அரை மணி நேரம் இருந்தது.

"அக்கா, உங்க வாட்ச்ல மட்டும் இருக்கிற மாதிரி வேற எதுவும் இல்லையா?" என்று கேட்டாள்.

ஓட்டுநர் யோசித்தார். "போன மாசம் மேல் கண்ணாடி ஒடஞ்சு போச்சு. மாத்தினேன். ரிப்பேர்காரர் புதுசா போட்டது கண்ணாடியே இல்லன்னு சொன்னார். ஏதோ கல்லாம். சஃபையர்."

"நீலக்கல்லா?" என்றார் அப்பா. "நீலமாவே இல்லையே."

"நானும் அதத்தான் கேட்டேன். சுத்தமான கல்லுக்கு நெறமே கெடையாதாம். வேற ஏதாவது கலந்தாத்தான் நீலமாகுமாம். இத உலையில உருக்கி வளக்குறாங்களாம். கீறலே விழாதாம், வெலதான் அதிகம்னார். ஒடைச்சதுக்குத் தண்டனையா இருக்கட்டும்னு அதையே போடச் சொன்னேன்."

"என் கண்ணாடியும் ரெண்டு மாசத்துக்கு முன்னால மாத்தினதுதான்" என்றார் நடுவர். "பந்து பட்டுத் தெறிச்சுடுச்சு. சாதாரணக் கண்ணாடி போதும்னு சொல்லிட்டேன்."

அப்பா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரு கோடுகூட இல்லை. இரண்டும் பளிங்கு மாதிரி இருந்தன. ஓட்டுநர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் பம்ப் மாமா உள்ளே வந்தார். குளத்துத் தண்ணீரை உறிஞ்சிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். அதனால் அந்தப் பெயர். உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் அவருடைய கருவிப் பையில் ஒரு பதில் இருக்கும். நடந்ததைக் கேட்டவுடன் பையிலிருந்து ஓர் அரத்தை உருவினார்.

"இவ்வளவுதானா? அரத்தால ஒரு இழு இழுத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. கோடு விழுந்தா கண்ணாடி. விழலைன்னா கல்."

"சரியான யோசனை" என்றார் ஓட்டுநர். கல்லுக்குச் சொந்தக்காரருக்கு என்ன பயம்?

நடுவர் தன் மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

பம்ப் மாமா அரத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். அவருக்கும் மேசைக்கும் நடுவில் அரை டிக்கெட் போய் நின்றாள்.

"வேணாம் மாமா. யாரோடதுன்னு தெரிஞ்சுடும். ஆனா தெரியிறப்ப ஒருத்தரோடது கெட்டுப்போயிருக்கும்."

ஓட்டுநர் நடுவரைப் பார்த்தார். பிறகு, "பாப்பா சொல்றது நியாயம்" என்று மெதுவாகச் சொன்னார். "எனக்கு அது தோணல."

"அப்ப வேற எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?" என்று பம்ப் மாமா கேட்டார். அரத்தைப் பைக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்கும் தெரியல. ஆனா கெடுக்காம பாக்க ஏதாவது இருக்கும்."

அவள் முதலில் ஒரு கடிகாரத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. இன்னொன்றையும் வைத்தாள். அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது. மறுபடியும் முதலாவது.

"இது கொஞ்சம் அதிகமா ஜில்லுன்னு இருக்கு."

"நிச்சயமா?" என்றார் அப்பா.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனாலும், "இல்லப்பா. நிச்சயமாச் சொல்ல முடியல" என்றாள்.

அவள் தலையை அசைத்தபோது ஈரப் பின்னலிலிருந்து ஒரு சொட்டு மேசைமேல் விழுந்தது. மேசையில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு பதித்திருந்தது. அதற்கடியில் குளம் திறக்கும் நேரங்கள் எழுதிய காகிதம். விழுந்த சொட்டு கண்ணாடியில் பரந்து, தட்டையாகப் படுத்தது.

அரை டிக்கெட் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் அப்பா.

"அப்பா, குளோரின் பொட்டி எங்கே?"

குளத்துத் தண்ணீரில் மருந்து சரியாக இருக்கிறதா என்று அப்பா தினமும் காலையில் சோதிப்பார். அதற்கான பெட்டியில் சின்னக் குழாய்களும் ஒரு வண்ண அட்டையும் இருக்கும். சொட்டுச் சொட்டாக விடும் ஒரு ரப்பர் மூடிக் குழாயும் இருக்கும். அவள் அந்தச் சொட்டுக் குழாயை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"ஒவ்வொரு பொருள்லயும் தண்ணி ஒவ்வொரு மாதிரி உக்காரும்" என்று விளக்கினாள். "ரப்பர்ல ஒரு மாதிரி. இரும்புல ஒரு மாதிரி. அப்ப கண்ணாடியிலயும் கல்லுலயும் ஒரே மாதிரியா உக்காரும்? ஒரு சொட்டு விட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது. தொடச்சுடலாம்."

நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஓட்டுநர் தன் பையைக் கீழே வைத்தார். பம்ப் மாமா அவர்களுடைய தோள்களுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

பள்ளம் இருந்த கடிகாரத்தின் மேல் ஒரு சொட்டு. அது உருண்டையாக எழும்பி நின்றது.

பள்ளம் இல்லாத கடிகாரத்தின் மேல் ஒரு சொட்டு. அதுவும் உருண்டையாக எழும்பி நின்றது.

குளத்தில் யாரோ குதிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் பம்ப் மாமா. "அரம் இங்கேயேதான் இருக்கு. சும்மா சொன்னேன்."

அரை டிக்கெட்டின் முகம் சின்னதாகிவிட்டது. தன் யோசனை தப்பு. எல்லோரையும் குனிய வைத்துப் பார்க்கச் சொன்னதுதான் மிச்சம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து.

சொட்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேசைக் கண்ணாடியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது முன்போலவே பரந்து படுத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சொட்டு விட்டாள். அது உருண்டையாக நின்றது.

ஒரே கண்ணாடி. இங்கே தட்டை, அங்கே உருண்டை.

குனிந்து, கண்ணை மேசைமட்டத்துக்குக் கொண்டு போனாள். உருண்டை நின்ற இடத்தில் ஐந்து விரல்களின் மங்கலான தடம் தெரிந்தது. சற்று முன்னால் நடுவர் கையை ஊன்றி நின்ற இடம் அது.

அவள் நிமிர்ந்து நடுவரின் வெள்ளை மூக்கைப் பார்த்தாள்.

"சார், உங்க கையக் காட்டுங்க."

நடுவர் திகைத்துக் கையை நீட்டினார். வழவழப்பு.

"சன்ஸ்கிரீன்" என்றாள். "நீங்க ரெண்டு வாட்சையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. ரெண்டுலயும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கு. நாம கண்ணாடியையும் பாக்கல, கல்லையும் பாக்கல. சன்ஸ்கிரீனத்தான் பாத்தோம்."

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். நடுவரும் தன் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தார். பம்ப் மாமா இந்த முறை சும்மாகூட அரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அரை டிக்கெட் ஒரு துணி முனையை சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். இரண்டு கடிகாரங்களின் முகத்தையும் வட்டம் வட்டமாகத் துடைத்தாள். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடியும் துடைத்தாள். கடைசியாக, அப்பா மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியால் ஈரம் போக ஒற்றினாள். மேசைக் கண்ணாடியிலும் ஒரு மூலையை அதே மாதிரி சுத்தம் செய்தாள். அவ்வளவு கவனமாக அவள் தன் பல்லைக்கூடத் துலக்கியதில்லை என்று அப்பா பிறகு வீட்டில் சொன்னார்.

"இனிமே யாரும் கண்ணாடியத் தொடாதீங்க. ஓரத்த மட்டும் பிடிங்க" என்றாள். நான்கு பெரியவர்களும் உடனே கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் மேசையில் ஒரு சொட்டு விட்டாள். "இது கண்ணாடின்னு நமக்கு நல்லாத் தெரியும். அதனால இத மொதல்ல பாத்துக்கங்க." சொட்டு பரந்தது.

பள்ளம் இல்லாத கடிகாரம். சொட்டு விழுந்தது. மெல்ல விளிம்புகள் விரிந்தன. மேசையில் இருந்ததைப் போலவே தட்டையாகப் படுத்தது.

பள்ளம் இருந்த கடிகாரம். சொட்டு விழுந்தது. விரியவில்லை. குண்டாக, தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல், ஒரு சின்னக் கண் மாதிரி நிமிர்ந்து நின்றது. அதற்குள் நொடிமுள் பெரிதாகத் தெரிந்து நகர்ந்தது.

"அடடா" என்றார் பம்ப் மாமா, மூச்சு விடுகிற மாதிரி.

"ஒரு தடவை போதாது" என்றார் நடுவர். "மூணு தடவை பாக்கணும். அதுதான் மொறை."

அவள் தலையாட்டினாள். துடைத்தாள். இந்த முறை அப்பாவிடம், தான் திரும்பி நிற்கும்போது கடிகாரங்களை இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். தன் ஆசை தன் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று நினைத்தாள். பள்ளம் தெரியாதபடி கடிகாரங்களின் ஓரத்தைத் துணியால் மூடச் சொன்னாள். மறுபடியும் சொட்டு விட்டாள். "இடது பக்கம் இருக்கிறது கண்ணாடி. வலது பக்கம் இருக்கிறது கல்." துணியை விலக்கினார்கள். வலது பக்கம் இருந்ததில் பள்ளம்.

மூன்றாவது முறை சொட்டு விடுவதற்கு முன்னால் இரண்டின் மேலும் அவள் வாயால் ஆவி ஊதினாள். இரண்டும் மங்கின. ஒன்றில் மூடுபனி தயங்கித் தயங்கி விலகியது. மற்றதில் சட்டென்று மறைந்துவிட்டது. அது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சட்டென்று தெளிந்தது எதுவோ அதில்தான் அடுத்து விட்ட சொட்டும் உருண்டையாக நின்றது. பள்ளம் இருந்ததும் அதில்தான்.

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள்.

அவர் பள்ளம் இருந்த கடிகாரத்தை ஓரமாகப் பிடித்து எடுத்தார். சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் ஓட்டுநரிடம் நீட்டினார்.

"இது உங்கம்மாவோடதுதாம்மா."

ஓட்டுநர் அதை வாங்கிக் காதருகே வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நன்றி சார்" என்றவர், உடனே, "உங்களுது?" என்று கவலையோடு கேட்டார். தன்னுடையது கிடைத்துவிட்டது என்று அவர் நிம்மதியாகப் போய்விடவில்லை.

நடுவர் பள்ளம் இல்லாத கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை அவர் அதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை. "கோல் கம்பத்துல இடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பள்ளம் விழுந்ததும் ஞாபகம் இருக்கு. இதுல காணோமே" என்றார்.

"இடிச்சப்ப கை எப்படிப் பட்டுச்சு சார்?" என்று அரை டிக்கெட் கேட்டாள்.

"பந்து உள்ள போச்சா இல்லையான்னு பாக்கக் குறுக்க ஓடினேன். இப்படி." அவர் அந்தச் சின்ன அறைக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கையை வீசிக் காட்டினார். பம்ப் மாமா மட்டும் ஒதுங்கியிருக்காவிட்டால் அவருக்கும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கையை வீசிய நிலையிலேயே நடுவர் நின்றுவிட்டார். இடித்திருக்கக் கூடியது திருகு பக்கம் இல்லை. பட்டை கோக்கும் பக்கம்.

அரை டிக்கெட் ரப்பர் பட்டையை மெதுவாக மடக்கினாள். பட்டைக்கு அடியில், எஃகின் விளிம்பில், ஒரு பள்ளம் இருந்தது. அரிசி முனை அளவுதான்.

"பட்டைய மாத்தினதுலேருந்து மறஞ்சே கெடந்திருக்கு" என்றார் நடுவர். அதை விரல்நுனியால் தடவினார், பழைய சிநேகிதனின் முதுகைத் தட்டுவது போல. "இருபத்தோரு வருஷமா மைதானத்துல நிக்கிறேன். ஒரு தடவை சொன்ன முடிவ நான் மாத்தினதே கெடையாது. இன்னிக்கு மாத்திக்கிட்டேன். அதுல ஒண்ணும் குறைஞ்சு போகலன்னு இப்பத்தான் தெரியுது."

ஓட்டுநர் பையைத் தோளில் மாட்டினார். பதினொன்று நாற்பத்தெட்டு. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அரை டிக்கெட்டின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா இருந்திருந்தா உன்ன விட்டிருக்க மாட்டாங்க, கண்ணு. நாடி எண்ணுறப்ப அவங்க இப்படித்தான். ஒரு தடவை எண்ணிட்டு நம்ப மாட்டாங்க. மறுபடியும் எண்ணுவாங்க." அப்புறம் டிப்போவை நோக்கி நீண்ட எட்டுகளில் நடந்தார்.

நடுவரும் கிளம்பினார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க" என்றார். "ஆனா ஈரத்துல ஓட விடாதீங்க."

அவர் போன பிறகு அப்பா மேசையைத் துடைத்தார். எதற்காகவோ துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஏம்ப்பா, உன் கை தவறுதல்னு சொன்னே?" என்று அவள் கேட்டாள்.

"சின்னப் புள்ளைய ரெண்டு பேர் நிக்க வெச்சுக் கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." அவளைப் பார்த்தார். "நீ முன்னால வந்து நின்னப்ப, நான்தான் உன்னச் சின்னப் புள்ளையா நெனச்சுட்டேன்னு தோணுச்சு."

அவள் துண்டை எடுத்தாள். தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

பம்ப் மாமா இன்னும் போகவில்லை. வாசலருகே நின்று எதையோ செய்துகொண்டிருந்தார். அரை டிக்கெட் எட்டிப் பார்த்தாள். அவர் தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் வெட்கத்தோடு நீட்டினார்.

"ஜில்லுன்னே இல்ல பாப்பா. இது என்னன்னு பாரேன்."

அவள் கன்னத்தில் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. நகத்தால் மெல்லத் தட்டினாள். 'டிங்' என்று கேட்கவில்லை. 'டொக்' என்றது. வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி முழுக்கக் கோடுகள், சிலந்தி வலை மாதிரி.

"பிளாஸ்டிக் மாமா."

"பிளாஸ்டிக்கா?" அவர் குரல் இறங்கியது. "பதினாறு வருஷமா கண்ணாடின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." கடிகாரத்தை வாங்கிச் சட்டைப் பையில் போடப் போனார்.

"இருங்க மாமா. இது எத்தனை தடவை கீழ விழுந்திருக்கு?"

"கணக்கே இல்ல. ஏணியிலேருந்து விழுந்திருக்கு. பம்ப் மேல விழுந்திருக்கு. ஒரு தடவை காலி டாங்குக்குள்ள, பன்னெண்டு அடி."

"ஒடஞ்சுதா?"

பம்ப் மாமா யோசித்தார். "ஒரு தடவைகூட இல்ல."

"அந்த அக்காவோடது ஒடஞ்சுது. சாரோடது தெறிச்சுது. உங்களோடது கோடு மட்டும் வாங்கிக்கிட்டு அப்படியே இருக்கு. ஏணி மேல ஏறி வேலை செய்யறவங்களுக்கு இதுதான் சரியா இருக்கும் போல."

பம்ப் மாமா கடிகாரத்தை மறுபடியும் பார்த்தார், அப்போதுதான் யாரோ பரிசாகக் கொடுத்ததைப் பார்ப்பது மாதிரி. பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றி, அது எல்லோருக்கும் தெரியும்படி வீசிக்கொண்டு பம்ப் அறைக்கு நடந்தார்.